தோட்டத்து விக்கிக்கு மாறாத முகவரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்துத் தோட்டங்கள், டவுன்கள், கோயில்கள், பள்ளிக்கூடங்கள், தொழிற்சங்கத் தலைவர்கள் பற்றித் தன்னார்வலர்கள் எழுதிச் சேர்க்கும் ஒரு விக்கியைச் சில வருடங்களாக நடத்திவருகிறோம். மென்பொருள் மீடியாவிக்கி. தரவுக்காக அதன் மேல் செமான்டிக் மீடியாவிக்கி என்ற நீட்சியைப் போட்டிருக்கிறோம். அண்மையில் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் மாறாத எண் முகவரி கொடுத்து, தரவு வெளியீட்டையும் திருத்தினோம். அன்று முதல் எழுதுகிறவர்களும், வேறு ஊர்களில் இதே மாதிரி விக்கி தொடங்க நினைப்பவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

விக்கி நன்றாகத்தானே ஓடியது. முகவரியை ஏன் தொட்டீர்கள்?

வாட்ஸ்அப்பில் தொடங்கிய கதை இது. ஒரு வாசகர் சிவனொளிபாதமலைப் பக்கத்தின் இணைப்பை ஊர்க் குழுவில் போட்டார். திரையில் விழுந்ததோ சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக ஒரு முழ நீளம். "இது என்ன, வைரஸா?" என்று கேட்டு யாரோ அதை அழித்துவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும், சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் (கணினியின் சிறு சேமிப்பு அலகு) பிடிக்கும். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் அதற்குப் பின் இரண்டு எழுத்துமாக விரியும். ஆகக் குறியீடு ஒன்றுக்கு 9 இடம். "மலையகம்" கண்ணுக்கு ஐந்தெழுத்து. ஐகாரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு அது 7 குறியீடு, முகவரியில் 63 இடம். சிவனொளிபாதமலை 13 குறியீடு, 117 இடம். அதற்கு முன்னால் இன்டெக்ஸ் டொட் பிஎச்பி, கேள்விக்குறி, டைட்டில் என்று ஒரு வால் வேறு.

இன்னொரு தொல்லை, மீடியாவிக்கி ஒரு தலைப்புக்கு 255 பைட்தான் தருகிறது. தமிழில் அது 85 குறியீடு. பழைய பள்ளிக்கூடங்களின் முழுப் பெயரை எழுதிப் பாருங்கள், எல்லைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். போதாக்குறைக்குப் பெயருக்கு முன்னால் "நு/", "ப/" என்று மாவட்டக் குறி. அந்தச் சாய்கோடு முகவரிக்குள் போனால் சேர்வர் அதை அடுக்குப் பிரிக்கும் கோடாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும்.

லிங்க்ட் டேட்டா என்கிறார்களே, அது என்ன? சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பக்கத்தில் நாம் எழுதுவது வாக்கியம். "ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார்" என்று எழுதினால் மனிதருக்குப் புரியும். கணினிக்கு அதையே துண்டு துண்டாகக் கொடுக்க வேண்டும்: எந்தப் பொருள், அதன் எந்தப் பண்பு, அந்தப் பண்பின் மதிப்பு என்ன. லூல்கந்துர, தேயிலை தொடங்கிய ஆண்டு, 1867. இந்த மூன்று சேர்ந்தது ஒரு கூற்று. ஆர்டிஎஃப் என்பது இப்படிக் கூற்று எழுதும் முறை.

அந்தப் பொருளுக்கும் பண்புக்கும் வெறும் பெயரை எழுதாமல் இணைய முகவரி ஒன்றைக் கொடுத்து, அந்த முகவரியைத் திறந்தால் பயனுள்ள தகவல் கிடைக்கும்படியும், அதிலிருந்து வேறு தளங்களின் பொருள்களுக்கு இணைப்புப் போகும்படியும் செய்தால் அதுதான் லிங்க்ட் டேட்டா. வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் எழுதிய நான்கு விதிகளின் சாரம் இவ்வளவே. செய்துவிட்டால் "மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் எவற்றில் 1930க்கு முந்திய பள்ளிக்கூடம் இருந்தது?" என்பது போன்ற கேள்வியை நேரடியாகக் கேட்கலாம். இல்லாவிட்டால் நூறு பக்கத்தை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க வேண்டியதுதான்.

ஊர்ப் பெயரை விட்டுவிட்டு ஏன் எண் வைத்தீர்கள்? பார்க்க உயிரே இல்லையே, அண்ணே.

எங்களுக்குள்ளேயும் அதிகம் சண்டை நடந்தது இதற்குத்தான். என் பக்கத்தைச் சொல்கிறேன்.

தோட்டத்தில் மலைக்கு, அதாவது ஒவ்வொரு தேயிலைப் பகுதிக்கும், நம்பர் இருக்கிறது. அஞ்சாம் நம்பர் மலை என்றால் கொழுந்து எடுக்கப் போகிறவருக்கும் கங்காணிக்கும் ஒபீஸ் கிளாக்கருக்கும் ஒரே மலைதான். கவ்வாத்து வெட்டினாலும், பழைய தேயிலையைப் பிடுங்கி மானாப்புல் வைத்தாலும், புதுத் துரை (தோட்ட மானேஜர்) வந்தாலும் அது அஞ்சாம் நம்பர்தான். "கோயில் மலை", "ஆலமரத்து மலை" என்ற பெயர்களும் கூடவே வழங்கும். கோயிலை இடம் மாற்றினால் அந்தப் பெயர் குழப்பம் தரும், நம்பர் தராது. இந்த ஏற்பாட்டைத்தான் விக்கிக்குக் கொண்டுவந்திருக்கிறோம். எண் இயந்திரத்துக்கு, பெயர் மனிதருக்கு.

பெயரை முகவரியாக்கினால் எந்தப் பெயரை எடுப்பது? ஹட்டனா, அட்டனா? தலவாக்கலையா, தலவாக்கொல்லையா? ஹப்புத்தளையா, அப்புத்தளையா? லூல்கந்துரவை லூல்கொந்தர, லூலெகொண்டெரா என்றும் எழுதுகிறார்கள். தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, நம் சனம் வாயில் வழங்குவது ஒன்று. அந்த மூன்றாவது பெயர்தான் எங்கள் விக்கி சேர்க்க விரும்பும் செல்வம். ஆனால் அதையே முகவரியாக வைத்தால், "எங்கள் டிவிசனில் அப்படிச் சொல்ல மாட்டோம்" என்று ஒரு தோட்டப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து தலைப்பை மாற்றும் ஒவ்வொரு தடவையும் வெளியே உள்ள இணைப்புகள் சிக்கலாகும். எண் வைத்த பிறகு தலைப்புச் சண்டை பேச்சுப் பக்கத்தில் சுகமாக நடக்கிறது. முகவரிக்கு ஒன்றும் ஆவதில்லை.

கம்பனி பெயர், பிரதேச சபை, மாவட்டம் என்று அடுக்கிக்கொண்டு போகும் முகவரியும் கூடாது. எங்கள் முதல் முகவரித் திட்டம் அப்படித்தான் இருந்தது, அழகாகவும் இருந்தது. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகின, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போயின. நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பிரதேச சபைகள் 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் ஆறாகப் பிரிந்தன. அம்பகமுவவுக்குள் இருந்த மஸ்கெலியாவும் நோர்வூட்டும் தனிச் சபையாகின. சபைப் பெயர் முகவரியில் இருந்திருந்தால் அந்தப் பகுதிப் பக்கங்கள் எல்லாம் ஒரே நாளில் பொய் சொல்லத் தொடங்கியிருக்கும். மாறக்கூடியது எதுவும் தரவுக்குள் இருக்கலாம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்ற குறிப்போடு. முகவரிக்குள் இருக்கக் கூடாது.

இது புதுமையும் இல்லை. விக்கிப்பீடியாவின் துணைத் திட்டமான தரவுக் களஞ்சியம் விக்கித்தரவில் இலங்கை என்பது கியூ854, தமிழ் மொழி கியூ5885. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் ஒவ்வொரு ஆவணத்துக்கும் நூலக எண் கொடுக்கிறது. மீடியாவிக்கியில்தான் அவர்களும் செய்கிறார்கள்.

எண்ணோடு பெயரையும் சேர்த்துப் போடலாமே?

போடலாம். எண்ணை மட்டும் சேர்வர் படித்துவிட்டு, பின்னால் வரும் பெயரை அலங்காரமாக விட்டுவிடும்படி அமைக்க முடியும். ஆனால் தமிழில் பெயரைச் சேர்த்தவுடன் அந்த ஒரு முழ வால் திரும்ப வந்துவிடும். நாங்கள் சேர்க்கவில்லை. வாசிக்கிறவருக்காகப் பக்கத்தின் பெயர் முகவரி தனியாக இருக்கிறது. மேற்கோள் காட்டவும் பகிரவும் எண் முகவரி. பக்கத்தின் மேல் மூலையில் அதை நகலெடுக்க ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம்.

மீடியாவிக்கியே ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ளே ஓர் எண் கொடுக்கிறதே. அதையே எடுத்திருக்கலாமே?

நல்ல கேள்வி, நாங்களும் முதலில் அங்கேதான் போனோம். பக்கத்தின் தலைப்பை மாற்றினாலும் அந்த உள் எண் மாறாது என்பது உண்மை. ஆனால் விக்கியை எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து வேறு சேர்வரில் இறக்கினால் புதிய எண்கள் விழும். தன்னார்வ விக்கி என்றால் சேர்வர் மாறாமல் இருக்காது. இலவசமாக இடம் தந்தவர் வெளிநாடு போவார், அல்லது காசு முடியும். அதனால் எண்ணை நாங்களே கொடுத்து, பக்கத்தின் உள்ளடக்கத்திலேயே ஒரு பண்பாக எழுதி வைக்கிறோம். பக்கம் எங்கே போனாலும் எண் கூடவே போகும். ஒருமுறை கொடுத்த எண்ணை, அந்தப் பக்கம் நீக்கப்பட்டாலும், இன்னொன்றுக்குக் கொடுக்க மாட்டோம்.

ஒரே ஊருக்கு இரண்டு பக்கம் வந்துவிட்டது. இரண்டு தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் தெரிகிறது. பேயா?

பேய் இல்லை, யூனிகோட். நாலு வகையான பொறி இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள், தமிழ் விக்கி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது வரும்.

ஒன்று, "னொ" போன்ற ஒகர எழுத்து. ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என்று இரண்டாகவும் தட்டலாம். சிவனொளிபாதமலையை இரண்டாவது முறையில் தட்டினால் 14 குறியீடு வரும். இதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது, மீடியாவிக்கி தானாகவே ஒற்றைக் குறியாக மாற்றிவிடும். ஆனால் வெளியிலிருந்து எக்செல் கோப்பில் வரும் பட்டியலை விக்கியோடு ஒப்பிடும் உங்கள் நிரல் மாற்றாது. அங்கே நீங்கள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டு, ஔகாரம். "கௌ" என்பதன் கடைசிப் பகுதி ளகரம் போலவே இருப்பதால் பலர் கொம்பு போட்டு, ககரம் போட்டு, பின்னால் ளகரத்தைத் தட்டுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. யூனிகோடுக்கு அது முற்றிலும் வேறு சொல், தானாகத் திருந்தாது.

மூன்று, "ஸ்ரீ". இதைச் ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். எங்கள் கோயில் பக்கங்களில் பாதிக்கு மேல் "ஸ்ரீ"யில் தொடங்குகின்றன, யோசித்துப் பாருங்கள். ஸ்ரீ முத்துமாரியம்மன் எத்தனை பேர்!

நாலாவதுதான் எனக்குப் பிடிக்காதது. நம் நாட்டில் இன்னும் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டுகிறவர்கள் நிறைய. அதை யூனிகோடாக மாற்றும்போதும், கை தவறும்போதும், "ர்" வர வேண்டிய இடத்தில் கால் குறிக்கு மேல் புள்ளி வைத்த "ா்" வந்து உட்கார்ந்துவிடும். "அவர்" என்பது "அவா்" ஆகிவிடும். அச்சில் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது. தேடினால் கிடைக்காது.

வழி என்ன? சேமிக்கும்போதே இவற்றைப் பிடித்து எச்சரிக்கும் சிறு சோதனை ஒன்றைப் போட்டிருக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் குறிகளையும் அது வழித்துத் துடைக்கும். எண் முகவரி வந்த பிறகு இந்த வியாதியின் வலி குறைந்திருக்கிறது, குணமாகவில்லை.

தோட்டமும், தோட்டத்தைப் பற்றிய பக்கமும் ஒன்றுதானே?

ஒன்று என்று நினைத்துத்தான் மாட்டிக்கொண்டோம். எங்கள் முதல் தரவு வெளியீட்டில், நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு தோட்டம் 2019இல் உருவாக்கப்பட்டது என்றும், உருவாக்கியவர் எங்கள் தன்னார்வலர் ஒருவர் என்றும் கணினி சொன்னது. பக்கம் எழுதப்பட்ட திகதியையும் எழுதியவரையும் தோட்டத்தின் தலையில் கட்டிவிட்டோம். அந்தத் தம்பியை இன்றும் துரை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆகவே இரண்டு முகவரி வேண்டும்: பொருளுக்கு ஒன்று, அதைப் பற்றிய ஆவணத்துக்கு ஒன்று. பொருளின் முகவரியை யாராவது திறந்தால் தோட்டத்தையே கம்பி வழியே அனுப்ப முடியாதல்லவா? அதனால் சேர்வர் 303 என்ற பதிலைக் கொடுத்து, "நீங்கள் கேட்டது இங்கே இல்லை, அதைப் பற்றிய ஆவணம் அங்கே இருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்று அனுப்புகிறது. உலாவியில் திறந்தவருக்கு மனிதர் படிக்கும் பக்கம். ஆர்டிஎஃப் வேண்டும் என்று தன் வேண்டுகோளோடு வரும் குறிப்பில் கேட்கும் நிரலுக்குத் தரவுக் கோப்பு. உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் தொழில்நுட்பக் குழு நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் 2005இல் வந்து சேர்ந்த தீர்வு இது.

சேர்வர் அமைப்பைத் தொட முடியாத இலவச இடத்தில் இருப்பவர்களுக்கு எளிய மாற்று உண்டு. பக்க முகவரியின் கடைசியில் ஒரு ஹாஷ் குறியும் ஒரு சொல்லும் சேர்த்து, அதைப் பொருளின் முகவரி என்று அறிவித்துவிடுங்கள். ஹாஷுக்குப் பின்னால் உள்ளது சேர்வருக்குப் போகாது. சிறிய விக்கிக்கு இது தாராளம்.

பண்புகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தது தவறா?

தவறே இல்லை. எழுதுகிறவருக்குப் புரியாத பண்பில் யாரும் தரவு நிரப்ப மாட்டார்கள். சிக்கல் வெளியீட்டில்தான். செமான்டிக் மீடியாவிக்கி ஏற்றுமதியில் சதவீதக் குறிக்குப் பதிலாகச் சிறு கோடு வரும். "அமைவிடம்" 8 குறியீடு, ஆகவே 72 இடத்துக்குக் கோடும் எழுத்துமாகக் கொட்டும். வெளியே இருக்கிற நிரலுக்கு அது எதைக் குறிக்கிறது என்று தெரியாது.

தீர்வு, பொதுவாக எல்லோரும் பயன்படுத்தும் சொற்தொகுதியோடு பொருத்துவது. ஸ்கீமா டொட் ஓர்க், டப்ளின் கோர் போன்றவற்றை விக்கியின் ஒரு சிறப்புப் பக்கத்தில் அறிவித்துவிட்டு, தமிழ்ப் பண்பின் பக்கத்தில் "இது அங்கிருந்து இறக்குமதியானது" என்று ஒரு வரி எழுத வேண்டும். அதன் பிறகு எழுதுகிறவர் தமிழையே காண்பார், வெளியே பொதுச் சொல் போகும்.

இதைவிடப் பெரிய வேலை எங்களுக்குள்ளேயே இருந்தது. "தொடங்கிய ஆண்டு", "ஆரம்பித்த ஆண்டு", "தொடக்க ஆண்டு" என்று ஒரே விசயத்துக்கு மூன்று பண்பு. ஒன்றில் தேடினால் மற்ற இரண்டில் உள்ளது வராது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடித்து ஒன்றாக்க இரண்டு வார இரவுகள் போயின. புதுப் பண்பு உருவாக்க இப்போது பேச்சுப் பக்கத்தில் கேட்க வேண்டும்.

வெளியிட்ட தரவில் நீங்கள் செய்த மிகப் பெரிய தவறு எது?

சொல்ல வெட்கம்தான். செமான்டிக் மீடியாவிக்கியை முதன்முதலில் இயக்கும்போது தளத்தின் பெயரைக் கொடுக்க வேண்டும். ஏற்றுமதியில் எல்லா முகவரிகளும் அந்தப் பெயரில்தான் தொடங்கும். வீட்டுக் கணினியில் சோதித்தபோது "லோக்கல்ஹோஸ்ட்" என்று கொடுத்திருந்தோம், அந்த அமைப்பை அப்படியே சேர்வருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பல மாதம் எங்கள் தரவில் இருந்த ஒவ்வொரு தோட்டமும் கோயிலும் "திறப்பவரின் சொந்தக் கணினியில்" இருந்தன. யாரும் முறைப்பாடு செய்யவில்லை. அதுதான் உண்மையில் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, ஒருவரும் பயன்படுத்தவில்லை என்பதுதானே பொருள்.

முதல் நாளே ஏற்றுமதிக் கோப்பு ஒன்றைத் திறந்து, முதல் பத்து வரியைக் கண்ணால் படித்துவிடுங்கள். எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். ஓர் எழுத்து வித்தியாசம் என்றாலும் இயந்திரத்துக்கு அது வேறு பொருள். விக்கித்தரவு தளம் பாதுகாப்பான இணைப்புக்கு மாறிவிட்டாலும் அதன் பொருள் முகவரிகள் இன்றும் பழைய எச்டிடிபியில்தான் தொடங்குகின்றன. அவற்றை அப்படியே எழுத வேண்டும், "திருத்த"க் கூடாது.

விக்கித்தரவோடு எப்படி இணைப்பது?

செமான்டிக் மீடியாவிக்கியில் சமமான முகவரி என்று ஒரு சிறப்புப் பண்பு இருக்கிறது. அதில் விக்கித்தரவின் முகவரியைக் கொடுத்தால் ஏற்றுமதியில் "இரண்டும் ஒன்றேதான்" என்ற கூற்றாக வெளிவரும். "ஒன்றேதான்" என்பது கனமான சொல். அங்கே அதைப் பற்றிச் சொல்லப்பட்ட எல்லாமே இங்கேயும் உண்மை என்று ஒப்புக்கொள்கிறீர்கள். தோட்டமும், அந்தத் தோட்டப் பெயரையே கொண்ட கிராமமும், அதே பெயரில் இருக்கிற தேயிலைத் தொழிற்சாலையும் ஒன்றில்லை. சந்தேகம் இருந்தால் "நெருங்கிய பொருத்தம்" என்ற மெல்லிய பண்பைப் போடுங்கள்.

பெயரை வைத்துத் தானாகப் பொருத்தும் கருவிகளை நம்பி விட்டுவிடாதீர்கள். மலையகத்துத் தோட்டங்களுக்குப் பிரித்தானியத் துரைமார் தங்கள் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டுப் போனார்கள். ஹட்டன் என்று பிரித்தானியாவில் பல ஊர். நோர்வூட் என்று தேடினால் லண்டன் முன்னுக்கு வரும். ஒருமுறை எங்கள் பட்டியலில் பாதித் தோட்டம் ஸ்கொட்லாந்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. எண்களைக் கண்ணால் பார்த்துத்தான் ஏற்றுகிறோம்.

அமைவிடத்தை எப்படி எழுத வேண்டும்?

முதலில் அகலாங்கு, பிறகு நெட்டாங்கு. நுவரெலியா ஏறக்குறைய 6.97 வடக்கு, 80.77 கிழக்கு. மாற்றி எழுதினால் வடதுருவக் கடலில் மிதக்கும், அங்கேயும் குளிர்தான் என்றாலும். சில வரைபட முறைகள் நெட்டாங்கை முன்னால் கேட்கும் என்பதால் ஏற்றுமதிக்குப் பிறகு ஒரு புள்ளியையாவது வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். உயரம் அடியா மீற்றரா, பரப்பு ஏக்கரா ஹெக்டேயரா என்று அலகையும் எழுதுங்கள். ஆண்டு மட்டும் தெரிந்தால் ஆண்டை மட்டும் எழுதுங்கள். படிவம் கேட்கிறது என்பதற்காக ஜனவரி 1 போடாதீர்கள். எங்கள் தரவின்படி மலையகத்தில் பாதிக் கோயில்களுக்கு வருடப் பிறப்பன்றுதான் கும்பாபிசேகம் நடந்தது.

சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர் எல்லாம் போடலாமா?

கட்டாயம் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் மொழிக் குறியோடு. வழக்குப் பெயர் எத்தனை இருந்தாலும் எல்லாம் மாற்றுப் பெயர்களாக ஏறும். யார் எங்கே அப்படிச் சொல்கிறார்கள் என்ற குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது.

பழைய இணைப்புகள் என்ன ஆயின?

எல்லாம் வேலை செய்கின்றன. பழைய முகவரிக்குப் போனால் 301 என்ற நிரந்தர மாற்றப் பதிலோடு புதியதற்கு அனுப்பப்படும். 302 தற்காலிகம். அதைப் போட்டால் தேடுபொறிகள் பழையதையே வைத்துக்கொண்டிருக்கும். மூன்று நாலு தாவல் தாவிப் போகிற சங்கிலியாக விடாமல், பழையதிலிருந்து நேரே கடைசி இடத்துக்கு அனுப்புங்கள். வேண்டுமென்றே நீக்கிய பக்கத்துக்கு 410, "இருந்தது, இப்போது இல்லை" என்று.

டொமைன் பெயரையே இழந்துவிட்டால்?

அதற்கு எண் முகவரியும் உதவாது. வருடக் கட்டணம் கட்ட மறந்து, ஒரு பழைய மலையகத் தளத்தின் பெயரை யாரோ சூதாட்ட விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். பெயரைத் தனி ஆளின் மின்னஞ்சலில் பதியாமல் குறைந்தது மூன்று பேருக்குத் தெரிகிற கணக்கில் பதியுங்கள். கூடுதல் காப்புக்கு, டபிள்யூ3ஐடி போன்ற பொது நிலைமுகவரிச் சேவையில் ஒரு முன்னொட்டை வாங்கி, அங்கிருந்து உங்கள் தளத்துக்குத் திருப்பிவிடலாம். டொமைன் மாறினால் அங்கே ஒரு வரியை மாற்றினால் போதும். நாங்கள் தரவு முகவரிகளை இப்படித்தான் வைத்திருக்கிறோம்.

2010 முதல் ".இலங்கை" என்ற தமிழ் மேல்நிலைப் பெயரும் உண்டு. ஆசையாக இருக்கிறது, ஆனால் உள்ளே அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் மாற்றப்படும், தரவில் அந்தக் குவியல்தான் தெரியும். விளம்பரப் பலகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தரவுக்கு வேண்டாம்.

சேர்வர் அடிக்கடி படுத்துவிடுகிறது. தரவு வெளியீடு காரணமா?

பெரும்பாலும் அதை மேய வரும் நிரல்கள் காரணம். தேடல், உலாவல், ஏற்றுமதிச் சிறப்புப் பக்கங்களுக்குள் அவை நுழைந்தால் முடிவே இல்லாத இணைப்புகள். அவற்றை, மேயும் நிரல்களுக்கு எங்கே போகலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடுத்துவிட்டு, முழுத் தரவையும் வாரம் ஒருமுறை ஒரே கோப்பாகச் சுருக்கி வையுங்கள். வேண்டியவர் இறக்கிக்கொள்வார்.

உரிமம்?

கட்டுரைகள் பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரும் கிரியேட்டிவ் கொமன்ஸ். கூற்றுகள் மட்டும் சிசி0, அதாவது நிபந்தனை இல்லாமல். விக்கித்தரவு சிசி0 என்பதால் அங்கே கொடுக்க வேண்டுமென்றால் இங்கேயும் அதுவே வசதி. எழுதியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கள் லயத்தில் இருக்கிறவர்களின் பெயரையும் சேர்க்கலாமா? அவர்களுக்கும் ஒரு முகவரி வேண்டாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஓர் ஆசிரியை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. லயத்துக் காம்பிராவுக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறைக்கு) தனி முகவரி இல்லாமல், கடிதம் தோட்டத்து ஒபீஸுக்கு வந்து, அங்கிருந்து எப்போது கைக்கு வருமோ என்று காத்திருந்த சனம் நாம். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்து கைக்கு வந்த கதை பல வீடுகளில் உண்டு.

இருந்தாலும் உயிரோடு இருக்கும் தனி ஆள்களுக்கு நாங்கள் எண் கொடுப்பதில்லை. பக்கத்தில் ஒரு வரியாக இருக்கும் பெயர் தரவாக மாறினால், அதை வேறு பட்டியல்களோடு சேர்த்து யார் எங்கே இருக்கிறார், எந்தச் சங்கம், எந்தக் குடும்பம் என்று ஒரு நொடியில் எடுத்துவிடலாம். மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தில் இருந்து பட்டியல்களால் பட்டது போதும். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி நடேசையர் போன்ற பொதுவாழ்வில் இருந்த, மறைந்தவர்களுக்கு எண் உண்டு. மற்றபடி லயங்களுக்கும் டிவிசன்களுக்கும் எண் கொடுக்கிறோம். பூட்டன் இருந்த லயத்தை இந்தியாவிலிருந்து தேடுகிறவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

எனக்குக் கம்பியூட்டர் அவ்வளவு தெரியாது. நான் என்ன செய்ய வேண்டும்?

படிவத்தை நிரப்புங்கள், கதையை எழுதுங்கள். எண்ணை நிரல் கொடுக்கும். புதிய பக்கம் தொடங்கும் முன் வேறு எழுத்துக்கூட்டலிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அவ்வளவுதான்.

இன்னும் தீராத சிக்கல் எது?

பழைய மஸ்கெலியா. மவுசாக்கலை அணை 1969இல் வந்தபோது பழைய டவுன் தண்ணீருக்குள் போனது. இப்போதைய மஸ்கெலியா வேறு இடத்தில் உள்ளது. இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுத்து, "இடம்பெயர்ந்தது" என்ற பண்பால் இணைத்துவிட்டோம், அதில் பிரச்சினை இல்லை. கோயிலில்தான் நிற்கிறோம். நீர்மட்டம் இறங்கும் காலத்தில் பழைய கோயிலின் மிச்சம் வெளியே தெரியும், சனம் போய்ப் பார்க்கும். மழை பிடித்தால் திரும்ப மூழ்கும். படிவத்தில் "நிலை" என்ற கட்டத்தில் "இருக்கிறது", "இல்லை" என்று இரண்டே தெரிவு வைத்திருந்தோம். மூன்றாவது தெரிவுக்கு என்ன பெயர் வைப்பது என்று பேச்சுப் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் "தண்ணீருக்குள்" என்று எழுதியிருக்கிறார், இன்னொருவர் "சாமி உள்ளே இருக்கிறார்" என்று. நீங்களும் வந்து எழுதலாம்.